பிலோமினாவுக்குப் பன்னிரண்டு குறைகள்

ஐம்பது ஆண்டுகளாகத் தமிழர்கள் ஒரு பாட்டைக் கண்டபடி பாடி வந்திருக்கிறார்கள் என்பதை கனடாவின் அஜின்கோர்ட்டில் ஏழு பேர் கொண்ட ஒரு சபை கண்டுபிடித்தது. சபையின் பெயர் துள்ளிசை மறுபாடல் தரநிர்ணயப் பேரவை. பாட்டு, ‘பிலோமினா, பெடலை மிதி.’

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் பெல்பொட்டம் போட்ட நாலு இளைஞர்கள் கிற்றாரும் கையுமாக இசைத்தட்டில் பாடியது அது. கடற்கரை வீதியில் பிலோமினா சைக்கிள் பழகுகிறாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன், பயப்படாதே, பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிடுகிறான். பாட்டு அவ்வளவுதான். கலியாண வீடு, பெருநாள், பிறந்தநாள் என்று தமிழர் போய்ச் சேர்ந்த நாடெல்லாம் அதைப் பாடினார்கள். ஒருவர் சுருக்கினார், ஒருவர் இழுத்தார், ஒருவர் பிலோமினாவை எடுத்துவிட்டுத் தன் மச்சாளின் பெயரைப் போட்டார். எவரும் யாரிடமும் கேட்கவில்லை. இப்படித் திரும்பப் பாடியவற்றுக்குப் பேரவை வைத்த பெயர் மறுபாடல்.

பேரவைத் தலைவர் மோகனசுந்தரம் இதை எப்படிப் பொறுப்பார்? அவர் ஒரு காலத்தில் கொழும்பில் கடைக்காரரின் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்தில் இருந்தவர். கனடாவுக்கு வந்து முப்பது ஆண்டுகளாக முத்திரை குத்த ஒன்றும் அகப்படாமல் இருந்தவர்.

பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்ற கஸ்பரின் கையில் பேரவையின் துண்டுப்பிரசுரம் ஒன்று வந்து சேர்ந்தது. ‘உங்களுக்கு மிகப் பிடித்த மறுபாடல் எது? முன்மொழியுங்கள்’ என்று அதில் இருந்தது. கஸ்பருக்கு அறுபத்தேழு வயது. ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நின்றே வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாரும் அவரிடம் உமக்கு எது மிகப் பிடிக்கும் என்று கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நாலைந்து பேர் கூடியிருந்து, எவர் பாடியது நல்லது என்று கதைத்து, வாய்த்தர்க்கப்பட்டு, சிரித்துவிட்டு வரப்போகிறோம் என்று நினைத்தார். மனைவி செலீன் இருபத்துநாலு மீன் றோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டாள்.

பேரவையின் அலுவலகம் ஷெப்பர்ட் வீதியில், கார் ஓட்டப் பழக்கும் பள்ளி ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. றோல்ஸ் பெட்டியை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தார்கள். பிறகு அவருக்குப் பிடித்த மறுபாடலைக் கேட்டார்கள். கஸ்பர் கொஞ்சம் கூச்சத்தோடு, தன் மனைவி பாடியதுதான் என்றார். தொண்ணூற்றியோராம் ஆண்டு, பார்க்டேலில் ஒரே அபார்ட்மென்றில் பதினொரு பேர் இருந்த காலத்தில், யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு செலீன் குசினி வாசலில் நின்று பாடினாள். கஸ்பர் கசெற்றில் பதிவு செய்தார். இரண்டாம் சரணத்தில் பிலோமினா சைக்கிளில் கடந்துபோகும் யாழ்ப்பாணத்துச் சந்திகளின் பெயர்கள் வரும். செலீன் மன்னார்க்காரி. அவளுக்கு அந்தச் சந்திகள் ஞாபகம் வரவில்லை. நின்ற நிலையில், தான் தினமும் வேலைக்குப் போகும் சுரங்க ரயிலின் நிலையங்களைச் செருகிவிட்டாள். டன்டாஸ் வெஸ்ட், லான்ஸ்டவுன், டஃபரின், ஒசிங்டன் என்று பிலோமினா மிதித்துக்கொண்டு போனாள். அறை முழுவதும் சிரித்தது. அவளும் பாதியில் சிரித்துவிட்டாள்.

தலைவர் சிரிக்கவில்லை. எட்டுப் பக்கப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். பாடகியுடன் உறவு உண்டா. உண்டெனில் உறவு முந்தியதா, பாடல் முந்தியதா? கைதட்டல் உண்டா, உண்டெனில் எத்தனை கைகள்? சைக்கிள் எந்தத் திசையில் செல்கிறது?

கஸ்பர் கைகளின் எண்ணிக்கைக்கு இருபத்தொன்று என்று எழுதினார். ஒருவர் ஒரு கையில் பிள்ளையை வைத்திருந்தார் என்று ஞாபகம்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அவர் பேரவையில் உட்கார்ந்து மற்ற மறுபாடல்கள் ஒப்பிடப்படுவதைப் பார்த்தார். ஒஷாவாவில் ஒரு தேவாலயப் பாடகர் குழு பாடியது, நாலு குரலில், மெழுகுதிரி ஊர்வலத்தின் வேகத்தில் போனது. அந்த வேகத்தில் சைக்கிள் நிமிர்ந்து நிற்குமா என்று தாள உபகுழு ஒரு பிற்பகல் முழுவதும் விசாரித்து, நிற்காது, பிலோமினா முதலாம் அடியிலேயே விழுந்திருப்பாள் என்று முடிவெழுதியது. சென்னையிலிருந்து வந்து கணினி வேலை பார்க்கும் ஸ்ரீநிதி என்ற பெண் அதைக் கல்யாணி ராகத்தில் பாடியிருந்தாள். ‘பெ’ என்ற எழுத்துக்கு மட்டும் நாலு நிமிடம். கேட்க மிக நன்றாக இருந்தது. ஆனால் உச்சரிப்பு உபகுழுவின் தலைவி புனிதவதி, ‘பெ’ முடிவதற்கும் ‘டல்’ தொடங்குவதற்கும் இடையில் சொல் இறந்துவிடுகிறது என்று குறிப்பு எழுதினார். கடைசியில் ஒரு நியாயத்துக்காக மூல இசைத்தட்டையும் வைத்து, மூலப்பாடல் மூலப்பாடலை எவ்வளவுக்கு ஒத்திருக்கிறது என்று அளந்தார்கள். அதற்குத் தொண்ணூற்றியொரு புள்ளிதான் கிடைத்தது. இசைத்தட்டு நாலு நொடி குறைந்து ஓடியிருக்கிறது.

கஸ்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வெளியே குளிர், உள்ளே தேநீர் கொடுத்தார்கள், பேசும்போது ஒவ்வொருவரும் அவரைப் பார்த்தும் பேசினார்கள். நாலாம் சனிக்கிழமை தலைவர் அவரைத் தனியே கூப்பிட்டு, ஆறாம் பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்றார். அந்தப் பக்கத்தின் தலைப்பு ‘முன்மொழிபவர் காணும் குறைகள். குறைந்தது பத்து.’

தனக்கு அந்தப் பாட்டில் குறை ஒன்றும் தெரியவில்லை என்றார் கஸ்பர்.

“கஸ்பர், நான் இருபத்திரண்டு வருசம் தராசு பாத்தவன்” என்றார் தலைவர். “பிழையில்லாத தராசு எண்டு உலகத்திலை இல்லை. பிழை தெரியேல்லை எண்டால் பாக்கிறவனிலைதான் பிழை. ஒரு பொருளை விரும்பிறது ஆராலும் ஏலும். அதிலை பிழை பிடிக்கிறதுக்குத்தான் ஒரு சபை வேணும்.”

கஸ்பர் வீட்டுக்குப் போய், மகள் ஸ்டெபனி முன்பொருநாள் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த அந்தப் பதிவை, செலீன் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டார். முதலில் மூன்று குறைதான் கிடைத்தது. வரி மறந்தது, இடையில் சிரித்தது, பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம். பேரவை மூன்றையும் ஏற்றுக்கொண்டு, மிச்சம் ஏழுக்கு ஒரு வாரத் தவணை கொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கஸ்பர் பின்னாளில் நினைக்கவும் கூசியது. குறைகளைத் தேடத் தேட அவை வரத் தொடங்கின. முப்பது வருடமாக அந்தப் பாட்டைக் கேட்டபோதெல்லாம் செலீனின் குரல் ஒரே துண்டாகத்தான் அவர் காதில் விழுந்திருந்தது. இப்போது அது எழுத்தெழுத்தாகப் பிரிந்து விழுந்தது. ‘ழ’ சரியில்லை. மேலே போகும் இடத்தில் சுருதி தட்டுகிறது. வரிக்கு வரி மூச்சு வாங்குகிறது. அவர் கோப்பித் தண்ணீரை ஆறவிட்டு, காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு, கொப்பியில் நேரம் குறித்து எழுதினார். பத்தாவது குறை வந்தபோது அவருக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. பதினோராவது தானாக வந்தது. பன்னிரண்டாவதை அவர் யோசித்து, வெட்டித் திருத்தி, அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘மொத்தத்தில் இதனைப் பாட்டு என்பதிலும் பார்க்க வீட்டுச் சத்தம் என்று கூறுதலே பொருந்தும்.’

பேரவை அதை வாசித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டியது. ‘வீட்டுச் சத்தம்’ என்ற சொல் இனி ஒரு தொழில்நுட்பப் பதமாகப் பயன்படுத்தப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கஸ்பருக்குள் இவ்வளவு காலமும் ஒரு விமர்சகர் நித்திரை கொண்டு கிடந்திருக்கிறார் என்றார் புனிதவதி. இணை நடுவர் என்று எழுதிய அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கஸ்பர் அன்றைக்கு அதைக் கழற்றாமலே தமிழ்க் கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கினார்.

செலீனிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவளுடைய பாட்டு இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. அது பொய்யும் இல்லை.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் நடந்தது. செலீன் நீலக் காஞ்சிபுரம் உடுத்து, தலைமயிரைக் கடையில் செய்வித்து வந்தாள். முப்பது வருடம் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உணவூட்டி உழைத்தவள் அவள். தனக்கென்று ஒரு மேடை நிகழ்ச்சிக்கு வருவது இதுவே முதல் தடவை. ஸ்டெபனி முன்வரிசையில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து போனில் படம் பிடிக்க ஆயத்தமானாள்.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். மக்கள் ஒரு பாட்டைப் பாடிப் பாடி வளர்த்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், வளர்வது எல்லாம் வளர்ச்சி அல்ல, கட்டியும் வளர்கிறது என்றார். தமக்குப் பாட வராது என்பதையும், இந்தப் பதவிக்கு அதுவே தம்முடைய முதற் தகுதி என்பதையும் அடக்கத்தோடு குறிப்பிட்டார்.

“பாடத் தெரிஞ்சவன் பாட்டிலை மயங்கிப்போவான். நான் அம்பது வருசத்திலை ஒருக்காலும் மயங்கினதில்லை” என்றார்.

பிறகு கஸ்பரைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பதிவு ஒலித்தது.

இருபத்தைந்து வயதுச் செலீனின் குரல் மண்டபத்தை நிறைத்தது. சனம் முதல் வரியிலேயே தாளம் போடத் தொடங்கியது. நிலையங்களின் பெயர் வந்ததும், அந்தக் காலத்தில் பார்க்டேலில் வந்திறங்கிய மனிதர்கள் மேசைக்கு மேசை எழுந்து நின்று அடுத்த நிலையத்தை முன்கூட்டியே கத்தினார்கள். ஒரு மனிதர் கண்ணைத் துடைத்தார். செலீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒசிங்டன் வந்த இடத்தில் தலைவர் கையைக் காட்ட, பதிவு நின்றது. விதிப்படி இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒலிக்கக் கூடாது. இனி முன்மொழிந்தவர் குறைகளை வாசிப்பார் என்று அறிவித்தார்.

கஸ்பர் தாளைப் பார்த்தார். அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கி வர அவரால் முடிந்திருக்கும். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தோளில் பொன்னாடை கிடந்தது, தலைவர் ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே சரிசெய்து விட்டார். அவர் வாசித்தார்.

முதல் இரண்டு குறைக்கும் சனம் பகிடி என்று நினைத்துச் சிரித்தது. செலீனும் சிரித்தாள். மூன்றாவதில் சிரிப்புக் குறைந்தது. ஐந்தாவதில் செலீன் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மடியிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்க்கத் தொடங்கினாள். அதில் நாலு வரிதான் அச்சடித்திருந்தது. அவள் அதைக் கடைசிவரை வாசித்துக்கொண்டே இருந்தாள். ஸ்டெபனி போனைக் கீழே இறக்கிவிட்டாள். கஸ்பர் பன்னிரண்டையும் வாசித்து முடித்தார். வீட்டுச் சத்தம் என்ற இடத்தில் பேரவையின் ஏழு பேர் மட்டும் கைதட்டினார்கள்.

திரும்பிப் போகும்போது ஸ்டெபனி காரை ஓட்டினாள். பொன்னாடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கஸ்பர் மடியில் சுருட்டி வைத்திருந்தார்.

“ஏழாவது எனக்கு விளங்கேல்லை” என்றாள் செலீன், ஜன்னலைப் பார்த்தபடி. “வரிக்கு வரி மூச்சு வாங்கிறன் எண்டு சொன்னியள். அப்ப இவளை வயித்திலை ஏழு மாசம்.”

“வாட்?” என்றாள் ஸ்டெபனி. “அப்பா, சீரியஸ்லி, உங்களுக்கு அது தெரியாதோ?”

தெரியும். அன்றைக்கு அவள் பாடி முடிந்ததும் கதிரை கொண்டுவந்து போட்டவரே அவர்தான். கொப்பியும் கையுமாக இருந்த அந்த ஒரு வாரத்தில் அது மட்டும் அவருக்கு நினைவு வரவில்லை.

செலீன் சண்டை பிடிக்கவில்லை. கறி வழமைபோல வைத்தாள், மருந்துக் குளிசையை வழமைபோல எடுத்துத் தந்தாள். ஆனால் சட்டி கழுவும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் அவளிடம் எப்போதும் ஒரு முணுமுணுப்புப் பாட்டு இருக்கும். அது நின்றுபோனது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் கஸ்பருக்குத் தெரிந்தது. அவர் கூடத்தில் இருந்து வெறும் தண்ணீர்க் குழாயின் சத்தத்தைக் கேட்டார். மன்னிப்புக் கேட்க மூன்று தடவை குசினி வாசல்வரை போனார். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பத்தாம் நாள் செலீனின் பெயருக்குப் பேரவையிடமிருந்து கடிதம் வந்தது. அவளுடைய மறுபாடல் நிராகரிக்கப்பட்டது. விரும்பினால் மேன்முறையீடு செய்யலாம். பாடகி நேரில் தோன்றி, அறிக்கையில் கண்ட பன்னிரண்டு குறைகளையும் அதே இடங்களில் அதே அளவில் மறுபடி செய்துகாட்டினால், அவை குறைகள் அல்ல, பாணி என்று ஏற்றுக்கொள்ளப்படும். செலீன் கடிதத்தை வாசித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பல் வைத்தியரின் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்.

கடிதத்தில் குறித்த சனிக்கிழமை காலை, மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கஸ்பர் அந்தக் கடிதத்தைக் கழற்றிக்கொண்டு பேரவைக்குப் போனார். அந்தப் பன்னிரண்டு குறைகளையும் உலகத்தில் மனப்பாடமாக அறிந்தவர் அவர் ஒருவர்தான். பாடகிக்குப் பதிலாகப் பிரதிநிதி வரலாமா என்று விதிப்புத்தகத்தில் தேடினார்கள். வரக்கூடாது என்று எங்கும் இல்லை. தலைவர் நடுவிலும், புனிதவதி ஒரு பக்கத்திலும், பேரவையின் குறிப்புகளை எழுதும் உறுப்பினர் மறுபக்கத்திலும் உட்கார்ந்தார்கள்.

கஸ்பர் பிறந்ததிலிருந்து மேடையில் பாடியதில்லை. தேவாலயத்தில்கூட உதட்டை மட்டும் அசைப்பவர். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ‘பிலோமினா’ என்று தொடங்கினார். ‘ழ’ வரும் இடத்தில் அவள் போலவே ‘ள’ போட்டார். மேலே போகும் இடத்தில் சுருதியைத் தட்டவிட்டார். அது அவருக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. வரிக்கு வரி மூச்சு வாங்கினார். இடையிடையே தண்ணீர்க் குழாயின் சத்தத்தையும் வாயாலேயே போட்டார். நிலையங்களை வரிசையாகச் சொன்னார். அவள் சிரித்த இடத்தில் சிரிக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அவர் நின்றார். சிரிக்கப் பார்த்தார். வந்த சத்தம் வேறு என்னவோ. புனிதவதி கையிலிருந்த பென்சில் ஒரு நிமிடம் தயங்கி, பிறகு சரி போட்டது.

அவர் கண்ணைத் திறந்தபோது செலீன் வாசலில் நின்றாள். கடிதம் ஒட்டியிருந்த இடம் வெறுமையாக இருந்ததைக் கண்டு, ஸ்டெபனியின் காரில் வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மேல்சட்டையின் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

நடுவர்கள் தலையைக் கூட்டிக் கதைத்தார்கள். பதினொரு குறைகள் ஐயமின்றி நிரூபிக்கப்பட்டன என்றார் தலைவர். பன்னிரண்டாவது, இது வீடு இல்லையாகையால், பரிசீலனைக்கு எடுக்கப்படவில்லை. ஆனால் குறைகளைச் செய்தவர் பாடகி அல்லர். ஆகவே மேன்முறையீடு தள்ளுபடி. இப்போது இந்த அறையில் பாடப்பட்டது ஒரு புதிய மறுபாடல். அது பதிவாக வேண்டுமானால் முன்மொழிபவர் ஒருவர் வேண்டும். முன்மொழிபவர் காணும் குறைகளும் வேண்டும். அப்படி யாரும் முன்வராவிட்டால் அது பாடப்படாததாகவே கருதப்படும்.

“நான் முன்மொழியிறன்” என்றாள் செலீன்.

உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டாள். புனிதவதி படிவத்தின் ஆறாம் பக்கத்தைத் திருப்பி அவள் முன் வைத்து, பேனையையும் கொடுத்தார். செலீன் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“பத்துக் கோடுதான் கிடக்கு. காணாது. இன்னொரு தாள் இருக்கோ, அக்கா?”

இரண்டு தாள் கொடுத்தார்கள். அவள் எழுதினாள். நிறுத்தாமல், வெட்டாமல், ஒரு தடவைகூடத் தலை நிமிர்த்தாமல் எழுதினாள். முதற் பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பும் சத்தம் கஸ்பருக்குக் கேட்டது. கதவடியில் கதிரையின் நுனியில் இருந்து, தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார் அவர். கீழே கார் பழகும் பள்ளியில் யாருக்கோ நிறுத்தல் விதிகள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செலீன் எழுதி முடித்து, தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கி, மடித்து, தலைவரின் கையில் கொடுத்தாள். தலைவர் முதற் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தின் பாதியில் நின்று கஸ்பரை ஒருதரம் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்திக் கோப்பில் வைத்தார்.

படியில் இறங்கும்போது கஸ்பர் அவள் பெயரைச் சொன்னார்.

“மீன் வாங்கேல்லையோ?” என்றாள் செலீன்.

இல்லை என்றார். வாங்கிக்கொண்டு போவோம் என்றாள். மூவருமாகப் போய் விளைமீன் வாங்கினார்கள்.

அந்தத் தாள்களில் என்ன எழுதினாள் என்று செலீன் இன்றுவரை சொல்லவில்லை. விண்ணப்பித்தால் பேரவை பிரதி தரும். முத்திரையும் குத்தித் தரும். விண்ணப்பப் படிவம் ஒரே பக்கம்தான். கஸ்பர் இன்னும் கேட்கவில்லை.